சமையலறையில் பூட்டப்பட்ட காவலர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காவல்துறையில் உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மகள் வாங்கித் தந்த அகதா கிறிஸ்டி நாவல்கள் சிலவற்றை அண்மையில் வரிசையாகப் படித்தேன். விறுவிறுப்புக்குக் குறையில்லை. ஆனால் ஒரு கிராமத்துப் பாட்டி பின்னல் ஊசியும் கையுமாகக் கொலை நடந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வதும், ஆய்வாளர் அவரிடம் வழக்கு விவரங்களை ஒப்பிப்பதும் எனக்குச் சிரிப்பைத்தான் வரவழைத்தன. என் பணிக்காலத்தில் அப்படி ஒருவர் வந்திருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பேன். காவலர்களை மட்டம்தட்டுவதற்காகவே இவ்வகை நாவல்கள் எழுதப்பட்டனவா? மேலும், கொலை என்பது இவர்களுக்குக் குறுக்கெழுத்துப் போட்டி போன்ற பொழுதுபோக்குதானா? செத்தவருக்காக ஒருவரும் அழக் காணோம். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

வாசலோடு அனுப்பியிருப்பீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. நீங்கள் சொல்லும் அந்தப் பாட்டியான மிஸ் மார்ப்பிள் இடம்பெற்ற முதல் நாவலான 'தி மர்டர் அட் தி விகாரேஜ்' 1930 இல் வெளிவந்தது. அதில் வரும் இன்ஸ்பெக்டர் ஸ்லாக்கும் உங்கள் கட்சிதான். பாதிரியாரின் படிப்பறையில் கர்னல் புரோத்ரோ சுடப்பட்டுக் கிடக்கிறார். மேசைமேல் கவிழ்ந்து நின்றுபோன கடிகாரம் 6.22 காட்டுகிறது. அந்தக் கடிகாரத்தைக் கால் மணி நேரம் கூட்டி வைப்பது அவ்வீட்டின் வழக்கம். அதைச் சொல்ல வாயெடுக்கும் பாதிரியாரை ஸ்லாக் பேசவே விடுவதில்லை. ஸ்லாக் முட்டாள் அல்லர், சுறுசுறுப்பானவர். ஆனால் அந்த வீட்டின் பழக்கவழக்கம் அவருக்குத் தெரியாது, அது தெரிந்தவர்களிடம் கேட்கும் பொறுமையும் கிடையாது. கிறிஸ்டி காவலரைக் கேலி செய்கிறார் என்று இதைப் படிப்பதைவிட, ஒரு வீட்டின் உள்விவகாரம் காவலருக்கு ஏன் கிடைப்பதில்லை என்று அவர் கேட்கிறார் எனப் படிப்பதே பொருத்தம் என்பேன். அந்தக் கேள்விக்கு இங்கிலாந்தில் நெடிய பின்கதை உண்டு. அது உங்கள் துறையைச் சேர்ந்த கதை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1860 ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், வில்ட்ஷயர் மாவட்டத்தின் ரோடு என்ற சிற்றூரில், தொழிற்சாலை ஆய்வாளராக இருந்த சாமுவேல் கென்ட் என்பவரின் மூன்று வயது மகன் சேவில், இரவில் தொட்டிலிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டு, கழுத்து அறுபட்ட நிலையில் தோட்டத்திலிருந்த வேலைக்காரர்களுக்கான கழிப்பிடத்தில் கண்டெடுக்கப்பட்டான். வீடு உள்பக்கம் தாழிடப்பட்டிருந்ததால் கொலையாளி வீட்டு ஆட்களில் ஒருவர் என்பது காலையிலேயே தெளிவாகிவிட்டது. அன்றிரவு காவலுக்கு வைக்கப்பட்ட இரண்டு கான்ஸ்டபிள்களை கென்ட் சமையலறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். கொலை நடந்த வீட்டில், சந்தேகத்துக்குரிய அத்தனை பேரும் மாடியில் உறங்க, சட்டத்தின் ஆட்கள் இருவர் கீழே அடைபட்டுக் கிடந்தார்கள். சமையலறை அடுப்பின் பொந்தில் கிடைத்த ரத்தக்கறை படிந்த உள்ளாடை ஒன்றை உள்ளூர்க் காவலர்கள் கோட்டைவிட்டு, அந்தச் செய்தியை வெளியே சொல்லாமலும் மறைத்தார்கள். முதலில் பிடிபட்டவர், எதிர்பார்க்கத்தக்கவாறே, குழந்தையைப் பார்த்துக்கொண்ட தாதிப் பெண்.

இரு வாரங்களுக்குப் பின் லண்டன் ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ஜாக் விச்சர் அனுப்பப்பட்டார். 1842 இல் தொடங்கிய துப்பறியும் பிரிவின் ஆரம்ப கால ஆட்களில் ஒருவர். தோட்டக்காரர் ஒருவரின் மகன். மூத்த தாரத்து மகளான பதினாறு வயது கான்ஸ்டன்ஸின் இரவு உடைகள் மூன்றில் ஒன்று காணவில்லை என்பதைச் சலவைக் கணக்கிலிருந்து பிடித்து, அவர் அந்தப் பெண்ணையே கைது செய்தார். நாடு கொதித்தது, ஆனால் கொலைக்காக அல்ல. கண்ணியமான குடும்பத்துப் பெண்ணின் அலமாரியையும் உள்ளுடுப்பையும் ஒரு கீழ்த்தட்டு ஆள் கிளறுவதா என்று பத்திரிகைகள் குமுறின. நீதிபதிகள் அவளை விடுவித்தார்கள். விச்சரின் பெயர் கெட்டது. ஐந்தாண்டுகள் கழித்து, 1865 இல், கான்ஸ்டன்ஸ் தானாகவே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். விச்சர் அதற்குள் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டிருந்தார்.

1868 இல் வில்கி காலின்ஸ் இந்த வழக்கின் சாயலில் எழுதிய 'தி மூன்ஸ்டோன்' நாவலில் ரத்தக்கறை வண்ணப்பூச்சுக் கறையாகிறது. இரவு உடையும் சலவைப் புத்தகமும் அப்படியே இருக்கின்றன. சார்ஜென்ட் கஃப் அந்த மாளிகையின் இளம் பெண்ணைச் சந்தேகித்ததும் வீட்டுத் தலைவி காசோலையைக் கொடுத்து அவரை அனுப்பிவிடுகிறார். பிற்பாடு உண்மையை வெளிக்கொணரும் வேலையில் பெரும்பங்கு வீட்டு ஆட்களின் கைக்கும் ஒரு மருத்துவ உதவியாளரின் கைக்கும் போய்விடுகிறது. தொழில்முறை சாராத துப்பறிவாளருக்கு ஆங்கில நாவலில் நாற்காலி போடப்பட்டது இப்படித்தான் என்பது என் எண்ணம். பின்னாளில் டோரத்தி சேயர்ஸ் படைத்த லார்ட் பீட்டர் விம்சி போன்ற பிரபு வம்சத்துத் துப்பறிவாளர்கள் பெருகியதற்கும் இதுவே காரணம். அவர்கள் முன்வாசல் வழியாக விருந்துக்கு வருகிறவர்கள். மாவட்டக் காவல் தலைவரான சீஃப் கான்ஸ்டபிளை நம் ஊர் எஸ்.பி. போல எண்ணிவிடாதீர்கள். அக்காலத்தில் அவர் பெரும்பாலும் ராணுவத்திலிருந்து வந்த கனவான். சந்தேக நபரோடு சேர்ந்து வேட்டைக்குப் போனவராகவும் இருக்கக்கூடும்.

மிஸ் மார்ப்பிளுக்குப் பிரபு வம்சமும் இல்லை, பெரிய சொத்தும் இல்லை. அவருடைய வழி வேறு. கிறிஸ்டி தம் தன்வரலாற்றில் சொல்வது சுவையானது. 1926 இல் வந்த ரோஜர் ஆக்ராய்ட் கொலை பற்றிய நாவலில் கரோலின் ஷெப்பர்டு என்ற மணமாகாத நடுவயதுப் பெண் வருகிறாள், மருத்துவரின் அக்காள், வீட்டு வாசலைத் தாண்டாமலே ஊர்ச் செய்தி அனைத்தையும் வேலைக்காரர்கள் மூலமும் பால்காரர் மூலமும் திரட்டிவிடுகிறவள். அதை நாடகமாக்கியவர்கள் அவளை ஓர் அழகிய இளம்பெண்ணாக மாற்றியது கிறிஸ்டிக்குப் பொறுக்கவில்லை. அந்த வருத்தத்திலிருந்தே மிஸ் மார்ப்பிள் பிறந்தார் என்று அவர் கருதினார். மேடைக்கு லாயக்கில்லை என்று தள்ளப்பட்ட ஒரு வம்பளக்கும் பெண்ணுக்குக் கிறிஸ்டி பன்னிரண்டு நாவல்களைக் கொடுத்துவிட்டார்.

1927 இல் வந்த முதல் மார்ப்பிள் சிறுகதையில் ஓர் எழுத்தாளர், ஓர் ஓவியர், ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், அண்மையில்தான் பதவி விலகிய ஸ்காட்லாந்து யார்டு ஆணையர் சர் ஹென்றி கிளிதரிங் ஆகியோர் கூடி, தீராத மர்மங்களைப் பற்றி உயர்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூலையில் பின்னிக்கொண்டிருக்கும் மார்ப்பிள் தம் பங்குக்கு ஒரு மர்மத்தைச் சொல்கிறார்: திருமதி கரூதர்ஸ் கடையில் உரித்த இறால் வாங்கினார், வேறு இரண்டு கடைகளுக்கும் போனார், வீட்டுக்கு வந்து பார்த்தால் இறாலைக் காணோம். எல்லோரும் சிரிக்கிறார்கள். கதை முடியும்போது அந்த அறையில் விடையைக் கண்டவர் அவர் ஒருவர்தான். இறால் திருடியவனுக்கும் நஞ்சு வைத்தவனுக்கும் மனம் ஒன்றுபோலவே வேலை செய்கிறது என்பது அவர் துணிபு. ஓர் ஊரில் அறுபது ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்த ஒருவரின் அனுபவ அறிவு அது. மூன்றாண்டுக்கு ஒருமுறை இடமாற்றம் செய்யப்பட்ட உங்களுக்கு அந்த அறிவின் விலை நன்றாகவே தெரிந்திருக்கும்.

இதோடு நின்றிருந்தால் நானும் இந்த நாவல்களை ரயில் பயணத்துக்கு மட்டுமே வைத்திருப்பேன். 1950 இல் வந்த 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு' நாவலில் கிறிஸ்டி தாம் கட்டிய வீட்டைத் தாமே இடிக்கிறார். அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணிக்கு லிட்டில் பேடக்ஸ் இல்லத்தில் ஒரு கொலை நடக்கும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறது. அண்டை வீட்டார் அதை விளையாட்டு என்று எண்ணி, தற்செயலாக வந்தவர்கள்போல் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். போர் முடிந்து ஐந்தாண்டுகள் ஆகியும் ரேஷன் தீரவில்லை. வெண்ணெயையும் காய்கறிகளையும் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் அந்த ஊரார், பூட்டாத கதவுகள் வழியே ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் புகுந்து பொருளை வைத்துவிட்டுப் போகிறார்கள். யார் எந்த வீட்டுக்குள் நுழைந்தார் என்று விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் கிராடக்கிடம் ஒருவரும் வாய் திறக்காததற்குக் காரணம் கொலையல்ல, இந்த வெண்ணெய்தான். மார்ப்பிள் அவரிடம் வேறொன்றையும் சொல்கிறார். முன்பெல்லாம் ஊருக்குப் புதிதாக வருபவர் யாரோ தெரிந்தவர் தந்த அறிமுகக் கடிதத்தோடு வருவார். இப்போது வருபவரைப் பற்றி அவர் தாமே சொல்லிக்கொள்வது தவிர வேறொன்றும் யாருக்கும் தெரியாது. கையில் இருப்பது ரேஷன் புத்தகமும் அடையாள அட்டையும் மட்டும். எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும் என்ற நம்பிக்கையின் மேல் நின்ற துப்பறியும் பாட்டியே அந்த நம்பிக்கை செத்துவிட்டது என்று சொல்லும் இடம் இது. கிராடக் அவரைத் தேடிப் போவது முன்னாள் ஆணையர் சர் ஹென்றியின் பரிந்துரையால் என்பதையும் கவனியுங்கள். முறைப்படி நுழைவுச் சீட்டு வாங்கித்தான் பாட்டி உள்ளே வருகிறார்.

உங்கள் இரண்டாவது குறையைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். அக்காலத்து நாவல்களில் பெரும்பாலானவை பிணத்தை ஒரு தொடக்கப் புள்ளியாக மட்டுமே கையாண்டன. அவற்றை மறுமுறை எடுக்க எனக்கும் கை வருவதில்லை. விலக்குகள் உண்டு. 1953 இல் வந்த 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' நாவலில் ஒரு செல்வரின் வீட்டில் நடக்கும் கொலைகளுக்கு நடுவே, துணி காயப்போடும் கொடியருகே கிளாடிஸ் என்ற வேலைக்காரப் பெண் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடக்கிறாள். அவள் மூக்கில் துணி மாட்டும் கிளிப் ஒன்று செருகப்பட்டிருக்கிறது. அநாதை விடுதியிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு வீட்டு வேலை பழக்கியவர் மார்ப்பிள். செய்தித்தாளைப் பார்த்துவிட்டு யாரும் அழைக்காமலேயே ரயிலேறி வருகிறார். செல்வர் செத்தது பற்றி அவருக்குப் பெரிய அக்கறை இல்லை. செத்தவளை ஏளனம் செய்ததை அவரால் பொறுக்க முடியவில்லை. அழுகை இல்லை என்கிறீர்கள். அந்தக் கோபத்தை நான் அழுகைக் கணக்கிலேயே வைப்பேன்.

டோரத்தி சேயர்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 1937 இல் வந்த 'பஸ்மன்ஸ் ஹனிமூன்' கொலையாளி பிடிபட்டதும் முடிவதில்லை. லார்ட் பீட்டர், தாம் பிடித்துக்கொடுத்தவனுக்குத் தாமே சிறந்த வழக்கறிஞரை அமர்த்துகிறார், மன்னிப்புக் கேட்கப் போகிறார், தூக்கு நிறைவேறும் காலை நேரம் நெருங்க நெருங்க மனைவியின் கைகளில் உடைந்து அழுகிறார். பொழுதுபோக்காகத் துப்பறிந்தவனின் கையில் ஓர் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அவ்வகை நாவலுக்குள்ளேயே இருந்து எழுதியவர் அவர்.

பிரிட்டனில் கடைசியாகத் தூக்கு நிறைவேறியது 1964 இல். அதே ஆண்டில்தான் ரூத் ரெண்டலின் முதல் நாவலோடு சசெக்ஸின் கிங்ஸ்மார்க்கம் என்ற கற்பனைச் சிற்றூருக்குக் காவல் அதிகாரி வெக்ஸ்ஃபோர்டு வந்து சேர்ந்தார். இங்கே பாட்டிக்கு வேலையில்லை. ஊரை அறிந்தவரும் அவரே, காவலரும் அவரே. கரோலின் கிரஹாம் 1987 இல் எழுதிய 'தி கில்லிங்ஸ் அட் பேட்ஜர்ஸ் டிரிஃப்ட்' இதைக் குறும்பாகவே செய்கிறது: ஆர்க்கிட் மலர் தேடிக் காட்டுக்குள் போய், பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடும் முதிய ஆசிரியைதான் அங்கே முதலில் கொல்லப்படுகிறார், அது இயற்கை மரணம் அல்ல என்று அவருடைய தோழி காவல் நிலையத்தில் அடம்பிடித்த பிறகே வழக்கு நகர்கிறது. ரிச்சர்ட் ஆஸ்மன் 2020 இல் கென்ட் பகுதி முதியோர் குடியிருப்பு ஒன்றில் மறுபடியும் நான்கு முதியவர்களைத் துப்பறிய உட்காரவைத்தார். உரையாடல்களை ரசித்தேன். ஆனால் அவர்களில் ஒருவர் முன்னாள் உளவாளியாக இருப்பதால் எந்தக் கதவும் தொட்டதும் திறந்துவிடுகிறது. இறாலிலிருந்து கொலைக்குப் போகும் அந்தப் பாதை அங்கே இல்லை.

நீங்கள் அடுத்து படிக்க வேண்டியது 1994 இல் ரெண்டல் எழுதிய 'சிமிசோலா' என்பேன். ஊரில் குடியேறிய நைஜீரிய மருத்துவரின் மகள் காணாமல் போகிறாள். சில நாள்களில் ஒரு கறுப்பினப் பெண்ணின் சடலம் கிடைக்கிறது. நேர்மையானவர், படித்தவர், இனவெறி தமக்கு இல்லை என்று மனமார நம்புகிற வெக்ஸ்ஃபோர்டு, பெற்றோரைப் பிணவறைக்கு அழைத்துச் செல்கிறார். துணி விலக்கப்படுகிறது. அது அவர்கள் மகள் அல்ல. அந்த ஊரில் செத்துக் கிடக்கும் கறுப்பினப் பெண் அவளாகத்தான் இருக்க முடியும் என்று அவர் எண்ணிவிட்டார். அப்படியானால் அங்கே கிடப்பவள் யார், அவளைக் காணோம் என்று ஏன் ஒருவரும் புகார் தரவில்லை என்பதிலிருந்து நாவல் உண்மையில் தொடங்குகிறது. மேலே சொன்னால் உங்கள் வாசிப்பைக் கெடுத்தவனாவேன். அடையாளம் காட்ட உறவினரை அழைத்துச் செல்வதற்கு முன் ஒரு காவல் அதிகாரி எவற்றையெல்லாம் சரிபார்த்திருக்க வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். வெக்ஸ்ஃபோர்டு அங்கே சறுக்குவது நடைமுறையில் நம்பத்தக்கதுதானா என்று, படித்து முடித்ததும் எழுதுங்கள்.

அன்புடன்