கீமோ நடக்கும்போது உடம்பு பிடித்துவிடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வலது மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்துவிட்டது, அக்குளில் இருந்த நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) எடுத்துவிட்டார்கள். இப்போது கீமோ ஓடுகிறது. ராத்திரியானால் உடம்பு வலி, பாதம் மரத்துப்போய் எரிச்சல் என்று தூங்குவதே இல்லை. கால் பிடித்துவிடப் போனால் பெரியம்மா "தேய்ச்சா நோய் உடம்பெல்லாம் பரவிடும்" என்று தடுக்கிறார். மாமாவோ சுளுக்கு எடுக்கிற ஒருவரைத் தைலத்தோடு வீட்டுக்கே கூட்டி வருகிறேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். தேய்த்தால் ரத்த ஓட்டம் கூடி நோய் பரவும் என்பது பழைய பயம். அப்படிப் பார்த்தால் நடந்தாலும் மாடிப்படி ஏறினாலும்தான் ரத்த ஓட்டம் கூடுகிறது, ஆனால் நடக்கச் சொல்லி டாக்டர்களே விரட்டுகிறார்கள் இல்லையா? புற்றணு இன்னோர் இடத்தில் போய் வேர்விடுவது அந்த அணுவின் குணத்தைப் பொறுத்தது. கட்டி இருக்கிற இடத்தை மட்டும் அழுத்தக்கூடாது.

நியூயார்க்கில் இருக்கும் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் மசாஜ் பெற்ற 1,290 நோயாளிகளைக் கவனித்து 2004-ல் ஓர் ஆய்வு வந்தது. வலி, களைப்பு, பதற்றம், குமட்டல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் சுமார் பாதியாகக் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மசாஜ் பெறாத குழு அதில் இல்லை, அதனால் அந்தப் 'பாதி'யை நான் அப்படியே தூக்கிப் பிடிக்கமாட்டேன். 2008-ல் புற்றுநோய் முற்றிய 380 பேரிடம் ஒப்பிட்டே பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மசாஜ், மீதிப் பேருக்குச் சும்மா கையை வைத்திருப்பது மட்டும். அந்த நேரத்து வலி மசாஜில் கூடுதலாகக் குறைந்தது உண்மை, ஆனால் சும்மா கை வைத்தவர்களுக்கும் குறைந்தது! அதனால் கைத்திறமை இல்லையே என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

மாமா கூட்டி வருகிறவர் வேண்டவே வேண்டாம். கீமோவில் பிளேட்லெட், அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள், இறங்கும். 50,000-க்குக் கீழே போயிருந்தால் கொஞ்சம் அழுத்தினாலே கன்றிப்போய்விடும். எலும்புக்குப் பரவியிருந்தால் நீவுகிற வேகத்தில் எலும்பே முறியலாம். பெரும்பாலான கீமோவில் மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாளுக்குள்தான் ரத்த அணுக்கள் ரொம்பக் குறையும், கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொண்டு போய் "கால் பிடித்துவிடலாமா" என்று டாக்டரிடமே கேட்டுவிடுங்கள், இதற்கெல்லாம் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அவர் சரி என்றால் நீங்களே செய்யுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தை வெட்டிக்கொண்டு, வாசனையில்லாத எண்ணெய் ஒரு சொட்டு. முகத்துக்கு க்ரீம் தடவுகிற அழுத்தம் போதும், விரல் நுனி வேண்டாம், உள்ளங்கையால் பாதத்திலிருந்து முழங்கால் வரை மெதுவாக. எண்ணெயைச் சுட வைக்காதீர்கள். பாதம் மரத்திருக்கும்போது சூடு தெரியாது, கொப்பளித்த பிறகுதான் தெரியும். பத்துப் பதினைந்து நிமிடம், அம்மா போதும் என்றால் அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சிறு கருவி) வைத்த இடம், தையல் போட்ட இடம், நெறி எடுத்த பக்கமான வலது கை, இதெல்லாம் தொடக்கூடாது. பிறகு ரேடியேஷன் கொடுத்தால் அந்தத் தோலில் டாக்டரைக் கேட்காமல் எண்ணெய், தைலம் எதுவும் படக்கூடாது.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் கையே வைக்காதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், தேய்த்தால் அது பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கேள்வி: மனைவிக்கு மார்பக ஆபரேஷன் ஆகி இரண்டு வருடம். அந்தப் பக்கத்துக் கை இப்போது வீங்குகிறது. கீழிருந்து மேலாக அழுத்தித் தேய்த்தால் நீர் வடியுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடத்தான் செய்யும். ஆபரேஷனில் அக்குள் நெறிகளை எடுத்திருந்தால் நிணநீர் போக வழியில்லாமல் தேங்குகிறது, அது ஓடும் குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கின்றன. அதை வடிக்கத் தனி முறை இருக்கிறது, முதலில் மற்ற பக்கத்தில் வழி ஏற்படுத்திவிட்டுத்தான் வீங்கிய கைக்கே வருவார்கள். புற்றுநோய்ப் பிரிவிலேயே இதற்குப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரா என்று கேளுங்கள், கட்டும் இறுக்க உறையும் அவரே அளவு பார்த்துச் சொல்வார். அதற்குள் அந்தக் கை சிவந்து காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம், பிசியோவுக்காகக் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.