ஏ.ஜி.யும் டி.எம்.எஸ்.ஸும் ஒரே ஸ்டேஷன்ல

இந்த தடவ வந்த கடுதாசி, வாட்ஸ்அப் பாதிக்கு மேல கவர்மென்ட் ஆஸ்பத்திரி பத்திதான். நான் ஒரு அரசு ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோர்ல 24 வருஷம் பார்மசிஸ்டா இருந்து ரிடையர் ஆனவன்னு போன மாசம் ஒரு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், புடிச்சுக்கிட்டீங்க. கேட்டவங்க பேர் போடல, ஏரியா மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி (வியாசர்பாடி வாசகி): எங்கம்மாவுக்கு சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு சார். முன்னாடி ஒரு மாசத்துக்கு சேர்த்து மாத்திரை குடுப்பாங்க. இப்ப பத்து நாளைக்குத்தான் தர்றாங்க, அதுலயும் ஒண்ணு "சப்ளை இல்ல, வெளில வாங்கிக்கோ"ன்றாங்க. கோடி கோடியா ஒதுக்குறாங்களே, அது எங்க சார் போவுது?

பதில்: அக்கா, மொதல்ல அந்த மாத்திரை எப்படி உங்க கைக்கு வருதுன்னு சொல்லிடறேன், அப்பதான் எங்க அடைச்சிருக்குன்னு உங்களுக்கே புரியும். எழும்பூர் பாந்தியன் ரோட்டுல டி.என்.எம்.எஸ்.சி.ன்னு ஒரு ஆபீஸ் இருக்கு, தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம். 1994ல ஆரம்பிச்சு 95லேர்ந்து வேலைய பார்க்குது. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனித்தனியா வாங்கிட்டு இருந்துச்சு, ஒரே மாத்திரை ஒரு ஊர்ல ஒரு விலை, இன்னொரு ஊர்ல வேற விலை. இப்ப மொத்த மாநிலத்துக்கும் ஒரே டெண்டர், மாவட்டத்துக்கு மாவட்டம் குடோன், வர்ற ஒவ்வொரு பேட்ச்லயும் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புவாங்க, ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அந்த சரக்கு தனியாத்தான் கிடக்கும், தொடக்கூடாது. நாட்டுல பல மாநிலம் இத பார்த்துதான் காப்பி அடிச்சாங்க, அதுல எனக்கு இன்னிக்கும் கொஞ்சம் திமிரு உண்டு.

பணத்த கையில தரமாட்டாங்க. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் மாதிரி ஒரு பாஸ்புக். வருஷத்துக்கு இவ்ளோன்னு அதுல ஏத்திடுவாங்க, நாம இன்டென்ட் போட்டு, அதாவது இந்த மருந்து இவ்ளோ வேணும்னு எழுதிக் குடுத்து, மருந்து எடுக்க எடுக்க அதுல கழிஞ்சிட்டே வரும். ஒதுக்கீட்டுல பத்துல ஒரு பங்கு போல லோக்கல் பர்ச்சேஸுக்கு, அதாவது குடோன்ல இல்லாதத, அவசரத்துக்கு வெளில வாங்கிக்க.

இப்ப எங்க இடிக்குதுன்னா, நோயாளி கூட்டம் பாஸ்புக்க பார்த்துட்டு வர்றதில்ல. போன வருஷ கணக்க வெச்சு இந்த வருஷம் போட்டிருப்பாங்க, நடுவுல சுகர் கிளினிக்ல கூட்டம் ரெண்டு மடங்கு ஆயிருக்கும், ஜனவரி தாண்டுனா பாஸ்புக் இளைச்சிடும். அப்ப ஸ்டோர்ல நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா, கத்திரிக்கோல எடுத்துடுவோம். முப்பது நாள் மாத்திரைய பத்து நாளா வெட்டிக் குடுத்தா மூணு பேருக்கு ஆகும்ல. பாதி ஸ்ட்ரிப்ப வெட்டுனா எக்ஸ்பயரி தேதி ஒருத்தர் கையிலயும் பேட்ச் நம்பர் இன்னொருத்தர் கையிலயும் போயிடும், அது தப்புன்னு தெரிஞ்சேதான் வெட்டுனேன். மார்ச் மாசம் என் டேபிள் மேல அலுமினிய துண்டு துண்டா சிதறி கிடக்கும், சாயங்காலம் ஆயாம்மா கூட்டித் தள்ளும்.

ஆனா எல்லா "சப்ளை இல்ல"யும் இந்த கதை இல்ல அக்கா. சிலதுல இன்டென்ட்டே போட்டிருக்க மாட்டாங்க. லீவு, டெபுடேஷன், போஸ்ட் காலி, ஏதோ ஒண்ணு. அதனால கவுன்ட்டர்ல போய் சண்டை போடாதீங்க, அங்க நிக்கிற புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. நேரா ஆர்.எம்.ஓ.ன்ற ஆஸ்பத்திரி நிர்வாகத்த பார்க்கற டாக்டரோட ரூமுக்கு போய் "இந்த மாத்திரைக்கு கடைசியா எப்ப இன்டென்ட் போட்டீங்க, லோக்கல் பர்ச்சேஸ்ல ஏன் வாங்கல"ன்னு இந்த ரெண்ட மட்டும் கேளுங்க. இந்த வார்த்தை தெரிஞ்ச ஆளுன்னாலே பதில் சொல்ற விதம் மாறும். இன்னொண்ணு, மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்லேர்ந்து நடக்குது, சுகர் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும், உங்க வார்டு ஹெல்த் சென்டர்ல அம்மா பேர பதிஞ்சிடுங்க.

கேள்வி (பேர் வேண்டாம், கொளத்தூர்): நான் அரசு ஆஸ்பத்திரில தொகுப்பூதிய நர்ஸ். நைட் டூட்டில நாப்பது பேஷன்ட்டுக்கு நான் ஒருத்திதான். இத யாருமே கேக்க மாட்டாங்களா சார்?

பதில்: தங்கச்சி, கேக்கறாங்க, ஆனா வேற கேள்விய கேக்கறாங்க. இத கொஞ்சம் விவரமா சொல்லணும்.

இந்தியன் நர்சிங் கவுன்சில் கணக்குப்படி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி பொது வார்டுல மூணு பேஷன்ட்டுக்கு ஒரு நர்ஸ், மத்த ஆஸ்பத்திரில அஞ்சு பேருக்கு ஒருத்தர். நாப்பதுக்கு ஒண்ணுன்னு எந்த புத்தகத்துலயும் இல்ல. ஆனா எந்த ஆடிட் வந்தாலும் மொதல்ல எடுக்கறது சாங்க்ஷன் ரிஜிஸ்டர். அரசாணைல எத்தனை போஸ்ட், எத்தனை பேர் இருக்காங்க, மிச்சம் எத்தனை காலி. உங்க வார்டுக்கு சாங்க்ஷனே நாலுன்னு வைங்க, நாலு பேரும் இருந்தா ஷிப்ட்டு, வீக்லி ஆஃப், மெடிக்கல் லீவு எல்லாம் போக நைட்டுக்கு ஒருத்தர்தான் மிஞ்சுவாங்க, ஆனா ரிஜிஸ்டர்ல காலி இடம் பூஜ்யம், ஆல் ஓகே. கட்டில் முப்பதுன்னு போட்டு, அதுக்கு மேல தரையில பாய் விரிச்சு பத்து பேர் படுத்திருக்கறது அந்த பக்கத்துல வராது. அரசாணை போட்டப்ப எத்தனை கட்டில் இருந்துச்சு, இப்ப எத்தனை தலை இருக்குன்னு பார்த்து போஸ்ட்ட கூட்டணும், அதுக்கு நிதித்துறை கையெழுத்து வேணும், ஃபைல் அங்கதான் போய் படுத்துக்கும். காலியா இருக்கற போஸ்ட்ட பத்தி பேப்பர்காரன் எழுதுவான், எதிர்க்கட்சி கத்தும். உருவாக்கவே இல்லாத போஸ்ட்ட பத்தி கத்த ஆளே இல்ல.

எம்.ஆர்.பி. 2012ல வந்துச்சு, டாக்டர் நர்ஸ் எடுக்கறதுக்குன்னே ஒரு தேர்வு வாரியம், நல்ல ஏற்பாடு. 2015ல பரீட்சை வெச்சு ஏழாயிரத்து சொச்சம் நர்ஸ எடுத்தாங்க, மாசம் 7,700 ரூபா, ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு சொல்லி. ரெண்டு வருஷம் ஓடி 2017 நவம்பர்ல உங்க அக்காமாருங்க டி.எம்.எஸ்.ன்ற ஆஸ்பத்திரி நிர்வாக தலைமை ஆபீஸ் வளாகத்துல வந்து தரையில உக்காந்தது எல்லாரும் டிவில பார்த்தோம். சம்பளம் அதுக்கப்புறம் படிப்படியா ஏறுச்சு, "நிரந்தர இடம் காலியாகணும்"ன்ற பதில் மட்டும் அப்படியே இருக்கு. அதுலயும் பாருங்க, சுத்தி வந்து அதே இடம்தான், காலியிடம் இல்லன்னா காரணம் போஸ்ட் உருவாக்கல.

உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், இது என் மிசஸ் சொல்லிக் குடுத்தது, அவங்களும் ஸ்டாஃப் நர்ஸ்தான். நைட் ரிப்போர்ட் புக்ல சென்சஸ், அதாவது அன்னிக்கு வார்டுல எத்தனை பேஷன்ட்னு எழுதுறப்ப "கட்டில் 30, தரை 11, ஸ்டாஃப் 1"ன்னு தினம் எழுதுங்க. சண்டை வேண்டாம், பெட்டிஷன் வேண்டாம், எழுதி மட்டும் வைங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்கள காப்பாத்தறதும் அந்த புக்தான், ஆடிட் கண்ணுல பட வேண்டியதும் அந்த புக்தான்.

கேள்வி (சைதாப்பேட்டை வாசகர்): சி.ஏ.ஜி. அறிக்கைன்னு அப்பப்ப பேப்பர்ல தலைப்பு வருது, ஆள் பற்றாக்குறை, மெஷின் ரிப்பேர்னு. அப்புறம் ஒரு சத்தத்தையும் காணோம். அதுல பிரயோஜனம் உண்டா?

பதில்: சார், நீங்க சைதாப்பேட்டைல மெட்ரோ ஏறி ரெண்டு மூணு ஸ்டேஷன் தாண்டுனா "ஏ.ஜி. டி.எம்.எஸ்."னு வரும் பாருங்க, அந்த பேர்லயே உங்க கேள்வி இருக்கு. ஏ.ஜி.ன்னா கணக்காய்வு ஆபீஸ், அரசு கணக்க தணிக்கை பண்ற சி.ஏ.ஜி.யோட சென்னை கை. டி.எம்.எஸ்.னா ஆஸ்பத்திரி நிர்வாகத்தோட தலைமை. கணக்கு கேக்கறவரும் சொல்லவேண்டியவரும் ஒரே ஸ்டேஷன்ல இறங்கி, அவங்கவங்க ஆபீஸுக்கு போறாங்க. நடந்தா கொஞ்ச தூரம்தான். ஆனா ஃபைல் போய் வர வருஷக்கணக்காவுது.

சும்மா சொல்லல. பொது சுகாதார கட்டமைப்பு பத்தின சி.ஏ.ஜி. ஆய்வு 2016லேர்ந்து 2022 வரைக்கும் உள்ள காலத்துக்கு. அத சட்டசபைல வெச்சது 2024 டிசம்பர். 2016ல ரிப்பேரான மெஷின பத்தி எழுதுறப்ப அந்த மெஷின் காயலாங்கடைக்கே போயிருக்கும். அதுக்கப்புறம் அது பொதுக்கணக்குக் குழுவுக்கு போகும், எம்.எல்.ஏ.க்கள் குழு, தலைவர் பதவி எதிர்க்கட்சிக்கு குடுக்கறது மரபு. துறை செயலாளரும் அதிகாரிங்களும் அறிக்கைல சொன்ன குறை ஒவ்வொண்ணுக்கும், ஆடிட் பாரான்னு சொல்லுவாங்க, பதில் சொல்லணும், குழு பரிந்துரை சொல்லும், அதுக்கு என்ன நடவடிக்கைன்னு துறை திரும்ப எழுதணும். நான் ஸ்டோர்ல இருந்தப்ப ஒரு ஆடிட் பாராவுக்கு பதில் எழுதியிருக்கேன், எனக்கு முன்னாடி இருந்தவரு காலத்து பாரா, அவரு அப்ப உயிரோடயே இல்ல.

பிரயோஜனம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆடிட் வருதுன்னா ஸ்டாக் புக்கும் அலமாரியும் ஒத்துப்போகுதான்னு ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து எண்ணுவோம், அந்த பயம் நல்லது. ஆனா அது செலவழிச்ச பணத்த நல்லா பார்க்கும், செலவே பண்ணாததால கஷ்டப்பட்டவன அவ்வளவா பார்க்காது. சட்டசபைல இன்னொரு கதவு இருக்கு, மானியக் கோரிக்கை, ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கு சட்டசபைல பணம் கேக்கறது, அதுல எண் 19தான் நம்ம சுகாதாரத்துறை. 2025-26க்கு 21,906 கோடி. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை என்ன சொல்லுதுன்னா மாநிலங்க பட்ஜெட்ல எட்டு பர்சென்ட்டுக்கு மேல இதுக்கு போடணும்னு, அதுவும் 2020க்குள்ள. நாம அஞ்சு ஆறு பக்கத்துலதான் நிக்கறோம். அந்த கோரிக்கை விவாதத்துக்கு வர்ற நாள்ல உங்க எம்.எல்.ஏ. என்ன பேசுனாருன்னு பாருங்க, பெரும்பாலும் தொகுதிக்கு புது கட்டடம் கேட்டிருப்பாரு. ஒருத்தரும் நைட் டூட்டி நர்ஸ் கேக்கறதில்ல. கட்டடத்துக்கு கல்வெட்டு வைக்கலாம், நர்ஸுக்கு வைக்க முடியுமா.

நீங்களே கேக்கணும்னா ஆர்.டி.ஐ., தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாள்ல பதில் வரணும், வரலன்னா மேல்முறையீடு. "ஏன் இப்படி பண்றீங்க"ன்னு எழுதாதீங்க, ஏன்னு கேட்டா தகவல் இல்லன்னு திருப்பிடுவான். "இந்த வார்டுல அனுமதிக்கப்பட்ட கட்டில் எத்தனை, போன மாசம் ஒவ்வொரு ராத்திரியும் சென்சஸ் எவ்ளோ, அன்னிக்கு டூட்டில எத்தனை நர்ஸ், நகல் குடுங்க"ன்னு எழுதுங்க. மேல நம்ம கொளத்தூர் தங்கச்சி எழுதி வெச்சிருக்கற புக் இருக்குல்ல, அதோட ஜெராக்ஸ் உங்க வீட்டுக்கே வரும்.

கேள்வி (பெரம்பூர் தம்பி): பாட்டிய ஸ்கேன் ரூமுக்கு வீல்சேர்ல தள்ள 200 ரூபா வாங்கிட்டாங்க. இப்ப கம்ப்ளெயின்ட் குடுத்தா லஞ்சம் குடுத்தவன்னு என்னையும் புடிப்பாங்களாமே?

பதில்: 2018ல சட்டம் மாறுச்சு தம்பி, குடுக்கறவனும் குற்றவாளின்னு. ஆனா கட்டாயத்துல குடுத்தேன்னு ஏழு நாளுக்குள்ள சொல்லிட்டா உன் மேல வராது. ஆலந்தூர்ல லஞ்ச ஒழிப்புத்துறை ஆபீஸ் இருக்கு, இல்லன்னா சுகாதாரத்துறை ஹெல்ப்லைன் 104க்கோ முதலமைச்சர் ஹெல்ப்லைன் 1100க்கோ போன் பண்ணி கம்ப்ளெயின்ட் நம்பர் வாங்கி வெச்சுக்கோ. இன்னொண்ணு, சுத்தம் பண்றது, செக்யூரிட்டி எல்லாம் பல எடத்துல கான்ட்ராக்ட். நூறு பேருக்கு பில்லு போட்டா நூறு பேரும் வந்தாங்களான்னு யாராவது எண்ணணும்ல, ஆள் கம்மியா வந்தாத்தான் வீல்சேர் தள்ள ஆளுக்கு கிராக்கி, கிராக்கி இருந்தா ரேட்டு.

கேள்வி (அம்பத்தூர் வாசகி): இலவசம்னு சொல்லிட்டு ஆபரேஷனுக்கு காப்பீட்டு கார்டு ஏன் கேக்கறாங்க? அப்புறம் சிகிச்சைல தப்பு நடந்தா கன்ஸ்யூமர் கோர்ட் போகலாமா?

பதில்: கார்டு குடுங்கம்மா, உங்களுக்கு செலவு இல்ல. முதலமைச்சர் காப்பீட்டுல குடும்பத்துக்கு வருஷம் அஞ்சு லட்சம் வரைக்கும் இருக்கு, அந்த ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ்லேர்ந்து வர்ற பணம் ஆஸ்பத்திரி கணக்குக்கு போகும், அதுல கருவி, மருந்து வாங்கலாம், ஒரு பங்கு ஸ்டாஃபுக்கு ஊக்கத்தொகை. பாஸ்புக் இளைச்ச காலத்துல நிறைய ஆஸ்பத்திரிய நிமித்தி வெச்சது இந்த காசுதான், அத எப்படி செலவழிச்சாங்கன்னும் ஆர்.டி.ஐ.ல கேக்கலாம்.

கோர்ட் விஷயம், எல்லாருக்கும் முழுசா இலவசமா பார்க்கற ஆஸ்பத்திரி மேல நுகர்வோர் வழக்கு நிக்காதுன்னு 1995லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஹைகோர்ட் ரிட் போடலாம், இல்ல கிரீன்வேஸ் ரோட்ல மாநில மனித உரிமை ஆணையம், வக்கீல் இல்லாமலே எழுதலாம், ஆனா சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள. கேஸ் ஷீட் நகல் கேட்டு வாங்கிடுங்க மொதல்ல.

கேள்வி (தி.நகர் வாசகர்): இவ்ளோ பேசறீங்களே, உங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னா எங்க போவீங்க?

பதில்: ஜி.எச்.தான். போன தை மாசம் ஹெர்னியாவுக்கு அங்கதான் படுத்தேன், டாக்டர் பொண்ணு அருமையா தையல் போட்டுச்சு. மூணாவது நாள் ராத்திரி வலி தாங்காம பெல் அடிச்சேன், இருபது நிமிஷம் ஆச்சு நர்ஸ் வர, அந்த கடைசில ஒரு தாத்தாவுக்கு ஆக்சிஜன் மாத்திட்டு இருந்துச்சாம். போறப்ப தலையணையும் ஃபிளாஸ்கும் நீங்களே எடுத்துட்டு போங்க, பழைய ஓ.பி. சீட்ட மறக்காதீங்க.