சிம்னி வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழி இருக்கிறதா?

கேள்வி: எங்கள் சமையலறையில் புதிதாகச் சிம்னி பொருத்தவிருக்கிறோம். நான்கு பர்னர்கள் கொண்ட கேஸ் அடுப்பு வைத்திருக்கிறோம். சமையலறையை ஒட்டிய சிற்றறையில், புகைக்குழாய் வைத்த கேஸ் கீசர் ஒன்றும் இயங்குகிறது. சுவரில் புதிதாகத் துளையிடுவதற்குப் பதிலாகக் கீசரின் புகைக்குழாயிலேயே சிம்னியின் குழாயையும் இணைத்துவிடலாம் என்று மெக்கானிக் கூறுகிறார். அடுப்புக்கு மேலே 50 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டினால் புகையை நன்றாக இழுக்கும் என்றும், சிம்னி ஓடும்போது ஜன்னல்களைச் சாத்திவிட வேண்டும் என்றும் சொல்கிறார். இவை சரியா? பொருத்திய பிறகு எவற்றில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: மூன்றுமே ஏற்கத்தக்கவை அல்ல. ஆனால் மூன்றும் ஒரே அளவு தவறானவையும் அல்ல. ஜன்னலைப் பற்றி அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. உயரத்தைப் பற்றிச் சொல்வது தீவிபத்துக்கு இடமளிக்கும். கீசர் குழாயில் இணைக்கலாம் என்பதோ உறங்கும் வீட்டையே நஞ்சாக்கிவிடக் கூடியது. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

கேஸ் கீசரின் புகைக்குழாயில் மோட்டார் எதுவும் இல்லை. எரிந்த வாயு சூடாக இருப்பதால் தானாக மேலெழுந்து வெளியேறுகிறது. அந்த இழுவை மிகவும் மெல்லியது. அதே குழாயில் சிம்னியை இணைத்தால், சிம்னி ஓடும்போது அதன் விசிறி தள்ளும் காற்று கீசரின் பக்கமாகத் திரும்பி, அங்கே எரிந்த வாயுவை அறைக்குள் தள்ளும். சிம்னி ஓடாத நேரத்தில் கீசரின் புகை சிம்னி வழியாகச் சமையலறைக்குள் கசியலாம். போதாக்குறைக்கு, சிம்னி அனுப்பும் எண்ணெய்ப் பிசுக்கு அந்தச் சூடான குழாயின் உட்சுவரில் படிந்து, எரிபொருளாகக் காத்திருக்கும். காற்றுப் போதாமல் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவுடன் பற்றிக்கொள்கிறது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் என்று தொடங்கும் இந்த அறிகுறிகளைச் சாதாரணக் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுபவர்கள் எழுந்திருக்காமலே போவதுண்டு. எனவே சிம்னிக்குத் தனிக் குழாயும் தனித் துளையும் வேண்டும். துளையிடும் வேலையை மிச்சப்படுத்த வேறு வழி கிடையாது.

தனிக் குழாய் வைத்துவிட்டால் மட்டும் கவலை தீர்ந்துவிடுவதில்லை. சிம்னி காற்றை உண்டாக்குவதில்லை. அறையிலிருக்கும் காற்றை வெளியே எறிகிறது, அவ்வளவுதான். மணிக்கு 600 கன மீட்டர் காற்றை வெளியேற்றும் சிம்னி, 25 கன மீட்டர் கொள்ளளவுள்ள சமையலறையின் காற்று முழுவதையும் இரண்டரை நிமிடத்தில் வெளியேற்றிவிடும் கணக்கு. அவ்வளவு காற்றும் எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தால், அது இடுக்குகள் வழியாகவும், வேறு வழியின்றி கீசரின் புகைக்குழாய் வழியாகவும் கீழ்நோக்கி வரும். வரும்போது எரிந்த வாயுவையும் இழுத்துக்கொண்டு வரும். இத்தகைய கருவியும் சிம்னியும் ஒரே நேரத்தில் இயங்கும் இடத்தில் அறையின் அழுத்தம் வெளியழுத்தத்தைவிட 4 பாஸ்கலுக்கு மேல் குறையக் கூடாது என்று சிம்னிகளின் கையேடுகளே எச்சரிக்கின்றன. வளிமண்டல அழுத்தத்தில் இது ஏறத்தாழ 25,000-இல் ஒரு பங்கு. இறுகச் சாத்திய சிறிய வீட்டில் சிம்னியால் இந்த அளவை எளிதில் தாண்டிவிட முடியும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஜன்னலைச் சாத்தச் சொன்னதில் உள்ள உண்மை என்னவென்றால், அடுப்பை ஒட்டிய ஜன்னலிலிருந்து பலமாகக் காற்று வீசினால், மேலெழும் புகை சிம்னிக்குள் போகாமல் பக்கவாட்டில் சிதறிவிடும். சமையலறையில் சுழலும் மின்விசிறியும் இதையே செய்யும். அந்த ஒரு ஜன்னலை வேண்டுமானால் சாத்திக்கொள்ளுங்கள். ஆனால் அடுப்பிலிருந்து தள்ளியிருக்கும் ஒரு ஜன்னலோ, சன்னல் திறந்திருக்கும் அடுத்த அறையின் கதவோ சிம்னி ஓடும் நேரம் முழுவதும் திறந்திருக்க வேண்டும்.

பொருத்திய அன்றே ஒரு சோதனையைத் தகுதியுள்ள கேஸ் தொழில்நுட்பரைக் கொண்டு செய்துவிடுங்கள். வழக்கமாகக் கதவு ஜன்னல்கள் எப்படி இருக்குமோ அப்படியே வைத்துவிட்டு, சிம்னியை உச்ச வேகத்திலும் குளியலறை விசிறி முதலியவற்றையும் ஓடவிட்டு, கீசரை ஏற்றிச் சில நிமிடங்கள் கழித்து அதன் புகைவாயருகே மெல்லிய புகையைக் காட்ட வேண்டும். புகை கீசரின் புகைக்குழாய்க்குள் இழுக்கப்பட்டால் நல்லது. அறைப் பக்கமாகத் திரும்பி வந்தால், காற்று வர நிரந்தரத் திறப்பு அமைக்கும்வரை இரண்டையும் சேர்த்து இயக்கக் கூடாது. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே எடுத்து வெளியிலேயே விடும் மூடிய வகைக் கீசராக மாற்றிவிட்டால் இந்தச் சிக்கலின் வேரே இல்லாமல் போகும். எந்த வகையானாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். சமையல் வாயுக் கசிவைக் காட்டும் கருவி வேறு, இது வேறு; ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

இனி உயரம். பாத்திரம் வைக்கும் தாங்கியிலிருந்து சிம்னியின் அடி விளிம்புவரை அளக்க வேண்டும். மேடையிலிருந்து அளப்பது தவறு. கேஸ் அடுப்புக்குக் குறைந்தது 65 சென்டிமீட்டர் என்பது பரவலான வரையறை. பெரும்பாலான வீடுகளில் 65 முதல் 75 சென்டிமீட்டருக்குள் மாட்டுகிறார்கள். அடுப்பின் கையேடோ சிம்னியின் கையேடோ இதைவிடக் கூடுதலாகக் கேட்டால், கூடுதலானதையே பின்பற்ற வேண்டும். உங்கள் மெக்கானிக் சொல்லும் 50 சென்டிமீட்டர் பெரும்பாலும் மின் அடுப்புகளுக்குச் சொல்லப்படுவது. சுவாலையுள்ள அடுப்பின் மேல் அவ்வளவு தாழ்வாக மாட்டினால், பிசுக்கு ஏறிய ஃபில்டர் சூடேறித் தீப்பற்றவும் உள்ளிருக்கும் மின்கம்பிகளின் உறை இளகவும் வாய்ப்புண்டு. மிக உயரமாக மாட்டினால் புகை போகும் வழியிலேயே விரிந்து தப்பிவிடும். அகலம் அடுப்பின் அகலத்துக்குக் குறையக் கூடாது. நான்கு பர்னர் அடுப்பு பெரும்பாலும் 60 சென்டிமீட்டரைத் தாண்டும் என்பதால், கடையில் பார்த்து வாங்கும் முன் அளந்துகொள்வது நல்லது.

பலரும் சிம்னியின் பெட்டியில் அச்சிட்ட இழுவைத் திறனைப் பார்த்தே வாங்குகிறார்கள். குழாயைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் ஆதங்கம். 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள வாயைக் கொண்ட சிம்னிக்கு, சுவரில் ஏற்கெனவே இருக்கிற துளைக்காக 100 மில்லிமீட்டர் குழாயைச் செருகினால், காற்று செல்லும் பரப்பு 44 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு திறனுள்ள மோட்டார் இருந்தாலும் இரைச்சல்தான் கூடுமேயன்றி இழுவை கூடாது. சிம்னியின் வாய் என்ன விட்டமோ அதே விட்டத்தில், இயன்ற அளவு குட்டையாக, வளைவுகள் குறைவாக, உட்புறம் வழவழப்பான உலோகக் குழாயை வெளிச்சுவர்வரை கொண்டு செல்லுங்கள். செங்கோண வளைவு ஒவ்வொன்றும் சில மீட்டர் நேர்குழாயைச் சேர்த்ததற்குச் சமமான தடையைத் தரும். மடிப்புமடிப்பாக நீளும் அலுமினியக் குழாயைத் தவிர்க்க முடியாவிட்டால், அதை முழுவதும் இழுத்து நீட்டியே பொருத்த வேண்டும். சுருங்கிய மடிப்புகளில் பிசுக்கு தேங்கும். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், தீயில் உருகி வழியும். குழாயின் முனை பொய்க்கூரைக்குள் முடிந்துவிடாமல் திறந்தவெளியில்தான் முடிய வேண்டும். இல்லாவிட்டால் கண்ணில் படாத இடத்தில் ஈரமும் எண்ணெயும் சேர்ந்துகொண்டே இருக்கும். கிடையாகச் செல்லும் குழாயை வெளிப்பக்கம் சற்றே சரித்து வைத்தால் உள்ளே நீராவி குளிர்ந்து உண்டாகும் நீர் சிம்னிக்குள் திரும்பி வராது.

சிம்னியின் வாயில், வெளிக்காற்று உள்ளே வராமல் தடுக்கும் சிறு மடல் ஒன்று இருக்கும். அனுப்பும்போது ஆடாமலிருக்க அதை டேப்பால் ஒட்டியிருப்பார்கள். அந்த டேப்பைப் பிரிக்காமலே குழாயை மாட்டிவிட்டு, சிம்னி இழுக்கவே இல்லை என்று குறைபடுவது உண்டு. குழாயை மாட்டும் முன் மடல் தாராளமாகத் திறந்து மூடுகிறதா என்று கையால் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எடை மிகுந்த கருவி இது என்பதால், சுவரின் தன்மைக்கு ஏற்ற ஆங்கர் போல்ட்டுகளால் மாட்ட வேண்டும். துளையிடும் முன் உள்ளே மின்கம்பியோ கேஸ் குழாயோ தண்ணீர்க் குழாயோ ஓடவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மின்னிணைப்பு எர்த் உள்ள சாக்கெட்டில் இருக்க வேண்டும். சிம்னியின் உடல் உலோகமாயிற்றே. சாக்கெட் அடுப்பின் நேர் மேலே இல்லாமல், பிளக்கைக் கையால் எட்டிப் பிடுங்கக்கூடிய பக்கவாட்டில் அமையட்டும். 30 மில்லியாம்பியர் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் இணைப்பில் இருப்பது கட்டாயம் என்றே நான் கருதுகிறேன்.

குழாயே இல்லாமல் கரி ஃபில்டர் வழியாகக் காற்றை மீண்டும் அறைக்குள் விடும் சிம்னிகளும் உண்டு. அவை மணத்தையும் பிசுக்கையும் ஓரளவு குறைக்கும். ஆனால் நீராவியையும் கார்பன் மோனாக்சைடையும் வெளியேற்றுவதில்லை. கேஸ் அடுப்புக்கு இவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

பயன்படுத்தும்போது, அடுப்பை ஏற்றுவதற்குச் சில நிமிடங்கள் முன்பே சிம்னியை ஓடவிடுங்கள். புகை எழத் தொடங்கிய பிறகு போட்டால் அதற்குள் அறை முழுவதும் பரவியிருக்கும். சமைத்து முடித்த பின்னும் பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஓடட்டும். பொரிப்பதையும் வறுப்பதையும் பின்வரிசைப் பர்னர்களில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் நடத்திய சோதனைகளில், ஒரே சிம்னி முன்வரிசைப் பர்னர்களைவிடப் பின்வரிசைப் பர்னர்களின் புகையைக் கூடுதலாகப் பிடித்தது தெரியவந்தது. முன்வரிசையின் மேல் சிம்னியின் விளிம்பு முழுமையாக நீள்வதில்லை என்பதே இதற்கு முக்கியக் காரணம். பாத்திரம் இல்லாமல் பர்னரை எரியவிடாதீர்கள். சுவாலையின் சூடு நேராக ஃபில்டரை எட்டும். வாணலியிலேயே தீ எழுப்பிச் சமைக்கும் முறையைச் சிம்னியின் கீழ் முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

சூடான எண்ணெய் தீப்பற்றினால், அடுப்பையும் சிம்னியையும் நிறுத்திவிட்டு, ஒரு மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி வாணலியை மூடி, குளிரும்வரை திறக்காமல் விடுங்கள். ஓடும் சிம்னி தீக்கு விசிறிவிட்டு, அதைக் குழாய்க்குள்ளும் இழுத்துச் செல்லும். தண்ணீர் ஊற்றினால் அது கணத்தில் ஆவியாகிச் சுமார் 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயை நாலாபுறமும் தெறிக்க வைக்கும். தீ மூடிக்கு அடங்காவிட்டால் எல்லோரையும் வெளியேற்றித் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

கேஸ் வாடை வந்தால் அதை வெளியேற்றச் சிம்னியைப் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இதைவிடக் கொடிய தவறு இல்லை. சிலிண்டரில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது. தரையோரம் தேங்கும் அதைத் தலைக்கு மேலிருக்கும் சிம்னி திரட்டி எடுக்காது. குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது. அது மேலெழுந்து சிம்னியின் மோட்டாரையே சூழும். இரண்டிலும் சுவிட்சில் எழும் ஒரு சிறு பொறி போதும். சிம்னி அணைந்திருந்தால் போடாதீர்கள், ஓடிக்கொண்டிருந்தால் அணைக்கவும் வேண்டாம். எந்தச் சுவிட்சையும் தொடாமல், வால்வை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறி, வெளியே நின்று உதவிக்கு அழையுங்கள்.

பராமரிப்பில் முதன்மையானது ஃபில்டர். பிளக்கைப் பிடுங்கி, விளக்கும் உடலும் ஆறிய பிறகு கழற்றி, வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்ததில் ஊறவைத்துக் கழுவி, நன்கு உலர்த்தி மாட்டுங்கள். அடிக்கடி பொரிக்கும் வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், மற்ற வீடுகளில் மாதத்துக்கு ஒரு முறையும் இதைச் செய்யலாம். அலுமினிய ஃபில்டரில் காஸ்டிக் சோடா பட்டால் உலோகமே அரிக்கப்பட்டு, எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஆகவே அதைப் பயன்படுத்தக் கூடாது. கரி ஃபில்டர் பொதுவாகக் கழுவி மீட்கத்தக்கதல்ல. சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். தானே சுத்தம் செய்துகொள்ளும் வகையை வாங்கினாலும், அதன் சூட்டில் உருகும் பிசுக்கு வந்து சேரும் சிறு கிண்ணத்தை நீங்கள்தான் காலிசெய்ய வேண்டும்; சுவருக்குள் போகும் குழாயை அந்த வசதி தொடுவதே இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை குழாயைக் கழற்றி உட்புறப் பிசுக்கைச் சுரண்டி எடுத்து, மடல் ஒட்டிக்கொள்ளவில்லையா, வெளிமுனையில் பறவை கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள். அதே நாளில் கீசரின் புகைச் சோதனையையும் மறுபடி செய்துகொள்ளலாம்.