வளவுத் தூண்களுக்கு அளவு தவறான புள்ளியில் விழுவது ஏன்?

ஆட்டோகேட் வரைபடத்தில் வளவுத் (செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றப் பகுதி) தூண்களுக்கு அளவு போடும் உங்கள் ஆட்டோலிஸ்ப் (ஆட்டோகேட்டுக்குள் ஓடும் நிரல்மொழி) நிரல், தூணின் மையத்தை விட்டு அடிக்கல்லின் விளிம்பைப் பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நேர்கோட்டு அளவு போடும் டிம்லீனியர் கட்டளையை அழைக்கும் வரிக்கு முன்னால், ஆப்ஜெக்ட் ஸ்னாப் (பக்கத்துக் கோட்டின் முனை, மையம் போன்ற இடத்தைத் தானாகப் பிடிக்கும் வசதி) அமைப்பைக் குறிக்கும் ஆஸ்மோட் மாறியின் மதிப்பைக் கெட்வார் (மதிப்பைப் படிக்கும் செயற்கூறு) மூலம் சேமித்துவிட்டு, செட்வாரால் (மதிப்பை மாற்றும் செயற்கூறு) அதை 0 ஆக்குங்கள். அளவு விழுந்ததும் பழைய மதிப்பைத் திரும்ப வையுங்கள். நிரலின் மற்ற பகுதியைத் தொட வேண்டாம்.

நீங்கள் கணக்கிட்ட புள்ளி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் நிரலின் கமாண்ட் செயற்கூறு வழியாகப் போகும் புள்ளியையும் ஆப்ஜெக்ட் ஸ்னாப் பக்கத்துக் கோட்டுக்கு இழுத்துவிடும். இந்த இழுப்பு திரையில் தெரியும் தூரத்தைப் பொறுத்தது. முகப்பிலிருந்து கடைசிக் கட்டு வரை நீளும் காரைக்குடி வீட்டை முழுதாகத் திரைக்குள் அடக்கினால், தூணும் அடிக்கல்லும் ஒட்டிக்கொள்கின்றன; தவறும் கூடுகிறது.

சோதிக்க: எஃப்3 விசையை அழுத்தி ஸ்னாப்பை நிறுத்திவிட்டு அதே நிரலை ஓட்டுங்கள். அளவு மையத்தில் விழுந்தால் காரணம் இதுதான். விழாவிட்டால் புள்ளியைக் கணக்கிடும் வரியைப் பாருங்கள்.

நிரல் ஓடும்போது எஸ்கேப் அழுத்தினால் ஆஸ்மோட் 0 ஆகவே நின்றுவிடும். நிரல் பாதியில் நின்றால் ஓடி, பழைய மதிப்பைத் திருப்பி வைக்கும் எரர் செயற்கூற்றையும் இப்போதே எழுதிவிடுங்கள். ஆட்டோகேட் எல்டி (வசதிகள் குறைந்த ஆட்டோகேட்) என்றால் 2024 பதிப்புக்கு முந்தையவற்றில் ஆட்டோலிஸ்ப் ஓடாது.

இன்னொன்று: அளவு எண்களை எந்த அளவுக்கு முழுமையாக்குவது என்று சொல்லும் டிம்ரண்ட் மாறியின் மதிப்பை, முழுமையாக்காமல் இருக்க, 0 ஆகவே விடுங்கள். பழைய வளவில் தூண் இடைவெளிகள் சற்றே மாறுபடலாம். அந்த வேறுபாட்டை வரைபடம் மறைக்கக் கூடாது.