மாட்டுக்குப் பூச்சி மருந்து வாங்கும்போது

கேள்வி: குடற்புழு மருந்தான அல்பெண்டசோலை 2.5%, 10% என்று இரண்டு விதமாக விற்கிறார்கள். கன்றுக்கு எது, பெரிய மாட்டுக்கு எது?

பதில்: இரண்டும் ஒரே மருந்துதான், அடர்த்தி மட்டுமே வேறு. 2.5% என்றால் ஒரு மில்லியில் 25 மி.கி., 10% என்றால் 100 மி.கி. விலையைப் பார்க்கும்போது ஒரு கிராம் மருந்து என்ன விலைக்கு விழுகிறது என்று கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் 2.5% பாட்டிலில் இருப்பது 25 கிராம். 10% பாட்டிலில் 100 கிராம்.

உருண்டைப் புழுக்களுக்கு கிலோ எடைக்கு 7.5 மி.கி. வேண்டும். எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், டேப் எடுங்கள். முன்னங்காலை ஒட்டிப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனை வரை நீளம், இரண்டும் அங்குலத்தில். சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 660, அதுதான் கிலோ. சுற்றளவு 30, நீளம் 28 உள்ள கன்று ஏறக்குறைய 38 கிலோ. அதற்கு 285 மி.கி., அதாவது 2.5% மருந்தில் பதினொன்றரை மில்லி. 10% மருந்தில் மூன்று மில்லிகூட வராது; கை தவறி இரண்டு மில்லி கூடினாலே 200 மி.கி. அதிகம். ஆகவே கன்றுக்கு 2.5%. 300 கிலோ மாட்டுக்கு அதில் 90 மில்லி ஊற்ற வேண்டும். 10% என்றால் 22.5 மில்லி போதும்.

மருந்து அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் மாட்டுக்கு வெறும் நீர்தான் போகும்.

கேள்வி: மூன்று கம்பெனி மருந்து மாற்றியும் மாடு தேறவில்லை. போலி மருந்தா?

பதில்: இருக்கலாம், பில்லும் தொகுதி எண்ணும் இல்லாமல் வாங்காதீர்கள். ஆனால் முதலில் அட்டையில் மூலப்பொருளைப் படியுங்கள். அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் இரண்டும் ஒரே வகை. ஒன்றுக்கு எதிர்ப்புப் பழகிய புழு மற்றதற்கும் பெரும்பாலும் அசையாது. குறைந்த அளவில் திரும்பத் திரும்பக் கொடுப்பதுதான் அந்த எதிர்ப்பை வளர்க்கிறது.

புழுவே வேறாகவும் இருக்கலாம். வயல் வரப்பிலும் நத்தை உள்ள குட்டையோரத்திலும் மேய்ந்து, தாடைக்கு அடியில் நீர் கோத்திருந்தால் கல்லீரல் தட்டைப்புழுவைச் சந்தேகியுங்கள். அல்பெண்டசோல் அதில் வளர்ந்த புழுவை மட்டுமே கொல்லும், அதற்கும் கிலோவுக்கு 10 மி.கி. வேண்டும். ஆக்சிகுளோசனைடு போன்ற தனி மருந்துகள் உண்டு. அடுத்த பாட்டிலுக்குச் செலவழிக்கும் முன், புதுச் சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பரிசோதியுங்கள். மருந்து கொடுத்து 14ஆம் நாள் மறுபடி பார்த்தால், அது வேலை செய்ததா என்பது சாணத்திலுள்ள புழு முட்டைகளின் எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: பிறந்து இரண்டு வாரமான கன்றுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டும். பெரிய உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் தாய்ப்பாலிலேயே வந்துவிடும். எருமைக் கன்றுகள் இதனால் அதிகம் சாகின்றன. 10 முதல் 14 நாளில் பைப்பரசின் என்ற புழு மருந்து, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. நாக்கை இழுக்காமல், தலையைக் கண்மட்டத்துக்கு மேல் தூக்காமல், கடைவாயில் மெல்ல ஊற்றுங்கள். புரையேறி நுரையீரலுக்குப் போனால் கன்று பிழைப்பது கடினம்.

கேள்வி: சினை மாடு, கறவை மாடு?

பதில்: சினையான முதல் 45 நாளில் அல்பெண்டசோல் கூடாது, கருவைப் பாதிக்கும். ஃபென்பெண்டசோல் கேளுங்கள். ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து ஊசி பாலில் இறங்கும், கறவைக்கு வேண்டாம். எந்த மருந்தானாலும் எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்று அட்டையில் போட்டிருக்கும். அது இல்லாத பாட்டிலைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.