உணவுக்குழாயில் தசைக்கட்டி: தடைக்காலம் வரை பொறுக்கலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 42 வயது. விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். ஏழெட்டு மாதமாகச் சோறு நெஞ்சுக்குள் நின்று நின்றுதான் இறங்குகிறது. எண்டோஸ்கோப்பியும் சி.டி. ஸ்கேனும் எடுத்ததில் உணவுக்குழாயின் நடுப்பகுதியில் 4 செ.மீ. கட்டி, ‘லியோமயோமாவாக இருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறார்கள். நெஞ்சைப் பிளக்க வேண்டுமா? மீன்பிடித் தடைக்காலத்தில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாமா?
- வாசகி, மண்டபம்

பதில்: சகோதரி, லியோமயோமா புற்றுநோய் அல்ல. உணவுக்குழாய்ச் சுவரின் தசையில் மெல்ல வளரும் கட்டி. புற்றாக மாறுவது மிக மிக அரிது. உள்சவ்வு நன்றாகவே இருக்கும். அதற்கு வெளியே இருந்து கட்டி அழுத்துவதால்தான் சோறு தடைப்படுகிறது.

பயாப்சி (சோதனைக்குச் சதைத் துணுக்கு) எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் நல்லது. இந்தக் கட்டியில் எண்டோஸ்கோப்பி வழியாகக் கிள்ளி எடுத்தால் பெரும்பாலும் மேல்சவ்வுதான் வரும். அந்தப் புண் ஆறும்போது சவ்வு கட்டியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆபரேஷனில் கிழிந்துபோகக்கூடும். முதலில் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் (வாய்வழியே விடும் குழாயின் நுனியிலிருந்து எடுக்கும் ஸ்கேன்) செய்யச் சொல்லுங்கள். கட்டி எந்த அடுக்கில் இருக்கிறது, ஓரம் சீராக இருக்கிறதா என்பது அதில் தெரியும். ‘ஜிஸ்ட்’ என்ற வேறு வகைக் கட்டியோ என்று சந்தேகம் வந்தால் மட்டும், அதே கருவி வழியாக ஊசியில் மாதிரி எடுப்பார்கள்.

நெஞ்சைப் பிளக்கத் தேவையிருக்காது. நடுப்பகுதிக் கட்டிக்கு வலப்பக்க விலா இடுக்கில் மூன்று நான்கு சிறு துளைகள் போதும். இதற்குத் தோராக்கோஸ்கோப்பி என்று பெயர். தசையை நீளவாக்கில் விலக்கி, நுங்கை மேல்தோல் கிழியாமல் நோண்டி எடுப்பதுபோலக் கட்டியை மட்டும் பெயர்த்து எடுப்பார்கள். உணவுக்குழாயை வெட்டி நீக்குவதில்லை. சவ்வு கிழியாமல் இருப்பதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது. சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோல, நெஞ்சுக்குள் நீர் விட்டு, உள்ளிருந்து காற்றைச் செலுத்தி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு தசையைத் தைத்துவிடுவார்கள். தைக்காவிட்டால் சவ்வு நாளடைவில் பை போலப் பிதுங்கக்கூடும். வாய்வழியே போய், சவ்வுக்கு அடியில் சுரங்கம் போட்டு எடுக்கும் எண்டோஸ்கோப்பி முறையும் உண்டு. அது சிறிய கட்டிகளுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். 4 செ.மீ. அதன் எல்லையில் இருப்பதால் நான் துளை முறையையே விரும்புவேன்.

தடைக்காலக் கணக்கு சரியானதே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். முதல் வாரத்திலேயே தேதி வாங்குங்கள். சில நாள் மருத்துவமனை, முதலில் நீராகாரம், பிறகு ஓரிரு வாரம் குழைந்த கஞ்சி. வலை இழுப்பது, ஐஸ் பெட்டி தூக்குவது நான்கு முதல் ஆறு வாரம் கூடாது. அல்ட்ராசவுண்டை மட்டும் தள்ளிப்போட வேண்டாம், இப்போதே எடுத்துவிடுங்கள். அதில் சந்தேகம் எழுந்தாலோ, உடம்பு இளைத்தாலோ, கஞ்சிகூட இறங்காவிட்டாலோ தடைக்காலம் வரை பொறுக்கக் கூடாது.

பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே விடச் சொல்லுங்கள். ஆபரேஷனின்போது ஒரு நுரையீரலைச் சுருக்கி வைப்பார்கள். மற்றது தாங்க வேண்டும். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் இரைப்பை குடல் அறுவைச் சிகிச்சைத் துறை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள். ஸ்கேன் படங்களையும் கொண்டுபோங்கள், அறிக்கைத் தாள் மட்டும் போதாது.

வீடு திரும்பிய பின் காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், விழுங்கும்போது புதிதாக வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கூட்டிப்போங்கள். தைத்த இடத்தில் கசிவு இருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.