உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் இல்லை

கேள்வி: என் மகளுக்குப் போன மாதம் முதுகில் ஊசி போட்டு சிசேரியன் செய்தார்கள். மறுநாளிலிருந்து, பால் கொடுக்க எழுந்து உட்கார்ந்தாலே தலைவலி தாங்க முடியவில்லை; படுத்தால் குறைந்துவிடும். தலையணை வைத்ததால் தலையில் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள் உறவினர்கள். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. இப்போது எனக்குக் குனிந்து கோலம் போட்டால் தலை வலிக்கிறது. இரண்டும் ஒன்றா?
- வாசகி, வயது 54

பதில்: இரண்டும் வேறு. உங்கள் மகளுக்கு வந்தது நீர் கோத்ததால் அல்ல, நீர் கசிந்ததால் வந்த வலியாகவே தோன்றுகிறது. மூளையையும் முதுகுத் தண்டையும் சுற்றி ஏறத்தாழ 150 மில்லி நீர் இருக்கிறது. மூளை அதில்தான் மிதக்கிறது. மரத்துப்போவதற்கான ஊசி, அந்த நீரைப் பொதிந்திருக்கும் உறையைத் துளைத்தே உள்ளே செல்கிறது. அந்தத் துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். சிலருக்கு மட்டும் அதன் வழியே நீர் கசிந்துகொண்டே இருப்பதால், நிமிர்ந்து உட்கார்ந்ததும் மூளை சற்றே கீழிறங்கி, வலியை உணரும் உறைகளையும் இரத்தக் குழாய்களையும் இழுக்கிறது. படுத்ததும் அந்த இழுப்பு தளர்ந்து வலி அடங்குகிறது. அசையாமல் மல்லாந்து கிடப்பது இந்த வலியைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஆகவே தலையணை வைத்தாள் என்று பிள்ளை பெற்றவள்மேல் யாரும் பழி போட வேண்டாம்.

ஓய்வு, போதிய நீராகாரம், வலி மாத்திரை ஆகியவற்றால் பலருக்கும் இது குணமாகிவிடும். குணமாகாவிட்டால், கை இரத்தக் குழாயிலிருந்து 15 முதல் 20 மில்லி இரத்தம் எடுத்து, முதுகில் அந்த உறைக்கு வெளியே செலுத்தித் துளையை அடைக்கிறார்கள். ஆனால் பிரசவத்துக்குப் பின், படுத்தாலும் குறையாத தலைவலி, காய்ச்சல், பார்வை மங்கல், வலிப்பு, கை கால் பலவீனம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூளையின் இரத்தக் குழாயில் உறைகட்டியோ கடுமையான இரத்த அழுத்தமோ காரணமாக இருக்கலாம்.

உங்களுக்கு மூக்கடைப்பும் கன்னத்தில் கனமும் சேர்ந்திருந்தால், சைனஸ் அழற்சியை முதலில் சந்தேகிப்பேன். அவை இல்லாமல், விடியற்காலையிலும் இருமும்போதும் வலி கூடி, குனியும்போது கண் இருட்டினால், தலைக்குள் அழுத்தம் உயர்ந்திருக்கக்கூடும். தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். குனியும்போதன்றி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றி வலித்தால், படுத்த நிலையில் ஒரு முறையும் எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒரு முறையும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், நீங்கள் உண்ணும் மாத்திரைகளை மருத்துவர் ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கும்.